மூணு தடவை சொன்னேன்

கதவச் சாத்தாதீங்க மேடம், அது திறந்தே கிடக்கட்டும். சாத்தினாத்தான் எதிர் வீட்டுக்காரி என்னவோ ஏதோன்னு வந்து நிப்பா. திறந்திருந்தா ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டுப் போயிடுவா. நீங்க இந்த நாற்காலியில உட்காருங்க, ஜன்னல் பக்கம் வேணாம். அப்புறம், ஃபோன் பையிலயா இருக்கு? எடுத்து மேஜை மேல வைங்க. ஸ்கிரீன் மேல பார்த்து இருக்கற மாதிரி. ஆங், அப்படித்தான். தப்பா நினைக்காதீங்க. போன வாரம் ஒருத்தர் தண்ணி மீட்டர் பார்க்கணும்னு வந்தார். பார்த்தார், எழுதினார், எல்லாம் சரி. கிளம்பறப்ப செருப்ப மாட்டிக்கிட்டே, ஆஸ்பத்திரியில எத்தனை வருஷமா இருக்கீங்கன்னு கேக்கறார். மீட்டர்ல அதுவும் ஓடுதா என்ன? நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு அவருக்கு யார் சொன்னா? பத்தொம்பது வருஷம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

என் அட்ரஸ் உங்களுக்கு யார் கொடுத்தது? ஆஸ்பத்திரி செக்யூரிட்டியா? கேட்ட உடனே கொடுத்துட்டாரா? பாருங்க, அதுவே எனக்கு இடிக்குது. அந்த மனுஷன் மணி கேட்டாக்கூட எதுக்குன்னு கேப்பார். உங்களுக்கு மட்டும் வீட்டு நம்பர், மாடி, எந்தப் பக்கம் கதவுன்னு அத்தனையும் எழுதிக் கொடுத்திருக்கார்னா, ஒண்ணு உங்க மேல இரக்கப்பட்டிருக்கணும், இல்ல மேல இருக்கறவங்க கொடுக்கச் சொல்லியிருக்கணும். எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீங்க அந்த ஸ்கூல் வேன் டிரைவரோட வீட்டுக்காரம்மாங்கறீங்க. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் யாரையும் குத்தம் சொல்லல, பொதுவா சொல்றேன். சரி, அவருக்குத்தானே வலது முட்டியில ஆபரேஷன் பண்ணினாங்க?

இடதா. ம்.

எப்படி அவ்வளவு நிச்சயமா... என்ன சொன்னீங்க? கிளட்ச் மிதிக்கற காலா?

சரி. சரிங்க. நம்பறேன். இடதுன்னு எனக்குத் தெரியும், வேணும்னேதான் மாத்திக் கேட்டேன். ஆபீஸ் ஆளுங்க ஃபைலப் படிச்சுட்டு வந்து லெஃப்ட் முட்டின்னு சொல்லுவாங்க. கிளட்ச் மிதிக்கற கால்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் வாயில வரும். இருங்க அக்கா, தண்ணி கொண்டு வரேன். என்னை விட நாலஞ்சு வயசு பெரியவங்களாத்தான் இருப்பீங்க, அக்கான்னே கூப்பிடறேன்.

இந்தாங்க. எங்க வீட்டுக்காரர் டயர் கடையில இருக்கார், நாலு மணிக்கெல்லாம் வந்துடுவார். அதுக்குள்ள பேசி முடிச்சுடணும். அவர் வந்தா உங்களுக்கு டீ போட்டுக் கொடுப்பார், மரியாதையா பேசுவார், ஆனா என்னைப் பேச விடமாட்டார். உனக்கெதுக்கு வம்புங்கறது அவருக்கு மூச்சு மாதிரி. நல்ல மனுஷன்தான். பயந்த மனுஷன்.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன். உள்ள வந்ததிலேர்ந்து எத்தனை தடவை மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிட்டீங்க தெரியுமா? நான் எண்ணிட்டேன், அஞ்சு தடவை. தொந்தரவு கொடுக்கறேன் மன்னிச்சுக்கங்க, நேரம் கெட்ட நேரத்துல வந்துட்டேன் மன்னிச்சுக்கங்க. தண்ணி வாங்கறப்பகூட. ஆபரேஷன்ல அவர் காலக் கெடுத்தது நீங்களா? எதுக்கு மன்னிப்பு? வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி விசாரணை ரூம்ல போய் இப்படி ஆரம்பிச்சீங்கன்னு வைங்க, அவங்களும் பரவாயில்லைம்மா, மன்னிச்சோம்னு சொல்லி அனுப்பி வெச்சுடுவாங்க.

சிரிக்காதீங்க. நானும் அதே ஜாதிதான். என்னை அங்க எல்லாரும் சைலன்ஸ்னுதான் கூப்பிடுவாங்க, வார்டுல போர்டு மாட்டி வெச்சிருப்பாங்களே, அந்த சைலன்ஸ். சைலன்ஸ் வந்தாச்சா, சைலன்ஸ் சாப்பிட்டாச்சான்னு. நான் வாயத் திறந்தாலே மொத வார்த்தை ஒண்ணுமில்லைங்கறதுதான். அண்ணே, ஒண்ணுமில்ல, சும்மாதான், கொஞ்சம் மெஷினப் பாருங்களேன். ஒண்ணுமில்லைன்னு நாமளே சொல்லிட்டா எதிர்ல இருக்கறவன் எதுக்கு நிமிர்ந்து பார்க்கப் போறான்?

இதெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தான்னு கேக்கறீங்களா? அதுதான் கூத்து. ஆஸ்பத்திரியே சொல்லிக் கொடுத்துச்சு. வகுப்பு வெச்சாங்க அக்கா, பேசறதுக்கு வகுப்பு! உங்க வீட்டுக்காரருக்குச் சீழ் பிடிச்சு ரெண்டாவது தடவை முட்டியக் கிழிச்சுக் கழுவினாங்க பாருங்க, அதுக்கு அடுத்த வாரம். துவைக்கறவங்க, பெருக்கறவங்க, ஆபரேஷன் சாமான் கழுவற எங்க ஸ்டெரிலைஸ் ரூம் ஆளுங்க, எல்லாரையும் மாடியில ஒரு ஏசி ரூம்ல கூப்பிட்டு வட்டமா உட்கார வெச்சாங்க. கேக்கு, பிஸ்கட்டு எல்லாம் தட்டுல. பத்தொம்பது வருஷமா எங்களுக்கு பிஸ்கட்டு கொடுத்ததில்ல. நான் தொடவே இல்ல.

சொல்லிக் கொடுக்க ஒரு அம்மா வந்தாங்க, நாங்க வாய் டீச்சர்னு பேர் வெச்சோம். நல்லாத்தான் பேசினாங்க. பார்த்தத மொதல்ல சொல்லுங்க, என்ன வேணும்னு அடுத்தாப்ல கேளுங்க, கேட்டுட்டு நிறுத்திடுங்க. அவ்வளவுதான் வித்தை. நமக்கு அந்த நிறுத்தறதுதான் வராது. எதிராளி ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தா நமக்கே கூச்சமாப் போயி, பரவாயில்லைங்க, முடிஞ்சா பண்ணுங்கன்னு நாமளே கேட்டத வாபஸ் வாங்கிடுவோம். அந்தம்மா என்னை எழுப்பி நிக்க வெச்சு, எனக்கு ஒரு வாரம் லீவு வேணும்னு மட்டும் சொல்லிட்டு வாய மூடச் சொன்னாங்க. நான் சொன்னேன். ரூமே அமைதியா இருந்துச்சு. எனக்கு வேர்த்துக் கொட்டுது. பத்து நொடி தாங்கல அக்கா, இல்லைன்னா நாலு நாள் போதுங்கன்னுட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ஆனா நான் சிரிச்சுக்கிட்டே யோசிச்சேன். இத்தனை வருஷமா வாயத் திறக்காதன்னு சொன்னவங்க, திடீர்னு வாயத் திறன்னு எதுக்குக் காசு செலவழிச்சு சொல்றாங்க? என் மேல இரக்கமா? போட்டு வாங்கறாங்க. யார் பேசற ஆளு, யார் பேசாத ஆளுன்னு ஆழம் பார்க்கறாங்க. அப்படித்தான் நினைச்சேன். அதுகூட தப்பு. அத விடப் பெருசா வெச்சிருந்தாங்க.

கடைசி நாள் ஒரு பேப்பர் சுத்துல வந்துச்சு, வந்ததுக்குக் கையெழுத்துன்னு. தேதி போட வேணாம், நாங்க போட்டுக்கறோம்னாங்க. எல்லாரும் வரிசையாப் போட்டோம். நானும் போட்டேன், எல்லாத்தையும் சந்தேகப்படறவ அதுல மட்டும் ஏமாந்துட்டேன். போன மாசம் எனக்கு மெமோ வந்துச்சு. அதோட அந்தப் பேப்பர் நகல். மேல பொடி எழுத்துல போட்டிருக்கு, எந்தக் குறை இருந்தாலும் உடனே எப்படிச் சொல்லணும்னு எங்களுக்குப் பயிற்சி கொடுத்தாச்சு, சொல்லாம விட்டா அது எங்க பொறுப்புன்னு. தேதி என்ன தெரியுமா? உங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாடி.

ஆமாம். முன்னாடி! அதாவது, சொல்லிக் கொடுத்தும் இந்தப் பொம்பளை சொல்லல, எல்லாம் இவ கவனக்குறைவுன்னு பழியத் தூக்கி என் தலையில வெக்கறாங்க. அதுக்குத்தான் கேக்கும் பிஸ்கட்டும்.

ஆனா ஒரு இடத்துல கோட்டை விட்டுட்டாங்க. அந்தப் பேப்பர்ல பதினேழாவது கையெழுத்து, பெருக்கற வேலைக்குப் புதுசா வந்த பொண்ணு. அவ வேலைக்குச் சேர்ந்ததே ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு. சேராத பொண்ணு எப்படி வந்து கையெழுத்துப் போட்டா? நான் இத எங்க வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். எழுதி வெச்சுக்கங்க. பதினேழு. பேனா இல்லையா? இந்தாங்க, இது எழுதும், கொஞ்சம் உதறணும்.

அங்க என்ன வேலைன்னு கேட்டீங்கல்ல. ஆபரேஷன் கத்தி, கத்திரி, இடுக்கி, உங்க வீட்டுக்காரருக்கு முட்டியில வெச்சாங்களே அந்தக் கருவியெல்லாம், அழுக்கா எங்ககிட்ட வரும். கழுவி, துடைச்சு, தட்டுல அடுக்கி, பச்சைத் துணியில ரெண்டு சுத்து சுத்தி, டேப் ஒட்டி, ஆவி மெஷின்ல ஏத்துவோம். பெரிய குக்கர்னு வெச்சுக்கங்க, ஆளே உள்ள நிக்கலாம். அந்த ஆவி மூலை முடுக்கெல்லாம் போனாத்தான் கிருமி சாகும். போச்சான்னு பார்க்க ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கட்டு கூடவே வைப்போம். சோதனைக் கட்டு. அதுக்கு நடுவுல ஒரு காகிதப் பட்டை. ஆவி சரியாப் போயிருந்தா பட்டை கறுக்கும். போகலைன்னா வெளுத்தே இருக்கும். இவ்வளவுதான்.

சட்டப்படி மொதல்ல சோதனைக் கட்டப் பிரிச்சுப் பார்க்கணும், பட்டை கறுத்திருந்தா ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும், அப்புறம்தான் சாமான மேல ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பணும். எங்க ரூம்ல எல்லாம் தலைகீழ். காலையில வந்த உடனே அன்னிக்கு மெஷின் ஓட வேண்டிய எட்டு தடவைக்கும் ரெஜிஸ்டர் கட்டத்துல மொத்தமா கையெழுத்துப் போட்டுடுவோம். ஏன்னா, அப்புறம் கை ஈரமா இருக்கும், கிளவுஸ் கழட்டணும். மேல அவசரம்னா சாமான் மொதல்ல போயிடும், கட்டப் பிரிக்கறது அப்புறம். வருஷக்கணக்கா அப்படித்தான். எப்பவும் கறுத்துத்தான் இருக்கும், அதனால யாருக்கும் உறைக்கல. தப்புதான் அக்கா. மூடி மறைக்கல. கட்டத்துல கையெழுத்து என்னுதுதான்.

ஆனா அந்த மெஷினப் பத்தி நான் சொல்லலைங்கறது மட்டும் பொய். மூணு தடவை சொன்னேன். உங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரமா அந்தக் கதவு ஓரத்துல ரப்பர் கிழிஞ்சு ஆவி கசிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மொதல்ல சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். அவர் அப்பத்தான் சாப்பிட்டுட்டுப் பல்லு குத்திக்கிட்டு இருந்தார். அண்ணே, ஒண்ணுமில்ல, ஓரமா கொஞ்சம் ஆவி வர்ற மாதிரி இருக்குன்னேன். குளிர்காலம்ல, அப்படித்தான் தெரியும்னார். நானும் ஆமாங்கண்ணேன்னுட்டு வந்துட்டேன். ஆவிக்கும் குளிர்காலத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆமாங்கண்ணேன்னு எதுக்குச் சொன்னேன்? இன்னிக்கு வரைக்கும் எனக்கே புரியல.

ரெண்டாவது, மெஷின் ரிப்பேர் பண்றவர்கிட்ட. அவர் வேற எதுக்கோ வந்திருந்தார், நான் சாடையா சொன்னேன். குனிஞ்சு பார்த்து ஒரு டேப்ப ஒட்டிட்டுப் போனார். ஆனா அவர்கிட்ட ஒரு புகார் நோட்டு இருக்கு, எது சொன்னாலும் கிறுக்கி வெச்சுக்குவார், அவருக்கும் பயம்ல. கதவு ரப்பர், மாத்தணும்னு அவர் எழுதினத நான் கண்ணால பார்த்தேன். மூணாவது, பெரிய நர்சம்மாகிட்ட. எங்க தெரியுமா? லிஃப்ட்ல. கீழேர்ந்து ரெண்டாவது மாடி போறதுக்குள்ள சொல்லி முடிச்சிருக்கணும். நான் தொண்டையக் கனைக்கறதுக்குள்ள மொத மாடி வந்துடுச்சு. மேடம், அந்த மெஷின்... அப்படின்னேன். கதவு திறந்துச்சு. அப்புறம் பேசலாம்னு தோள்ல தட்டிட்டுப் போயிட்டாங்க. அவங்களக் கேட்டா இப்ப, எனக்கு ஞாபகமே இல்லம்பாங்க. உண்மையிலயே ஞாபகம் இருக்காது, நான் பேசின லட்சணம் அப்படி.

அன்னிக்குப் பட்டையா? வெளுத்துத்தான் இருந்துச்சு. நடுவுல விரல் அகலத்துக்கு, பால் மாதிரி. அத கவர்ல போட்டு, ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதி, எப்பவும் போல அலமாரியில அடுக்கினேன். கிழிச்சுப் போடச் சொல்லி அப்புறமா மேல இருக்கறவங்க சாடை காட்டினாங்க. போடல.

எத்தனை மணிக்குப் பிரிச்சேனா? அது... இருங்க, ஒவ்வொண்ணா சொல்றேன். மாடிப்படியில யாரோ வர்ற சத்தம் கேக்குதா? இல்ல, கீழ் வீட்டுக்காரர்தான். இவர் இருமறத வெச்சே கண்டுபிடிச்சுடலாம். உண்மையான இருமல்தானான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.

சரி, விஷயத்துக்கு வாங்க. வியாழக்கிழமை யாரக் கூட்டிட்டுப் போறீங்க? கொழுந்தனாரா? அவர் எப்படி, கோவக்காரரா? மேஜையத் தட்டுவாரா? வேணாம் அக்கா. அவர் தட்டின உடனே அவங்களுக்கு வசதியாப் போயிடும். பாருங்க, ரகளை பண்றாங்கன்னு எழுதிட்டு எழுந்து போயிடுவாங்க. அவர் வெளிய பெஞ்சுல உட்காரட்டும். நீங்க தனியாப் போங்க. உங்களால முடியும். இப்ப என் வீட்டு வாசல் வரைக்கும் தனியாத்தானே வந்தீங்க? என் சந்தேகம் அத்தனைக்கும் பதில் சொல்லிட்டு உட்கார்ந்திருக்கீங்க. என்னைச் சமாளிச்சவங்க அவங்களச் சமாளிக்க மாட்டீங்களா?

டீ கொடுப்பாங்க, குடிக்காதீங்க. விஷம் வெச்சிருக்காங்கன்னு சொல்லல. கையில கப்பு இருந்தா மனுஷனுக்குக் குரல் எறங்கிடும். அழுகை வந்தா அழுங்க, அதுல வெக்கம் இல்ல. ஆனா கேக்க வேண்டியதக் கேட்டுட்டு அழுங்க. முன்னாடியே அழுதா தண்ணி கொடுத்து, ஆறுதல் சொல்லி, தோளப் பிடிச்சு வாசல் வரைக்கும் கொண்டு வந்து விட்டுடுவாங்க.

மொதல்ல பார்த்தத சொல்லணும். ஒரே வரி. என் வீட்டுக்காரர் நடந்து உள்ள போனார், இப்ப முட்டி மடங்கல, வேன் ஓட்ட முடியல. அவ்வளவு போதும். கல்யாணம் ஆனதிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. அப்புறம் கேளுங்க. அன்னிக்குத் தேதி போட்ட ரெஜிஸ்டர் பக்கம் வேணும். அந்தப் பட்டை இருக்கற கவர் வேணும். ரிப்பேர்காரரோட புகார் நோட்டு வேணும். பார்க்கறோம்மான்னு சொல்லுவாங்க. எந்த நாள், யார் பார்ப்பாங்கன்னு கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கங்க. அங்க ஒரு சுவர்க்கடிகாரம் இருக்கும், அதப் பார்த்துக்கிட்டே இருங்க. அந்த அமைதி உங்களத் தின்னும். தின்னட்டும். அவங்களையும்தான் தின்னும்.

சொல்லிப் பாருங்க எங்கிட்ட. நான்தான் பெரிய ஆபீசர்னு வெச்சுக்கங்க. கண்ணாடி போட்டுக்கறேன், இருங்க. ம், சொல்லுங்கம்மா, என்ன விஷயம்?

பாருங்க, மறுபடியும் மன்னிச்சுக்கங்க! முதல்லேர்ந்து.

கேக்கல. சத்தம் பத்தல. எதிர் வீட்டுக்காரிக்குக் கேட்டாலும் கேக்கட்டும், இன்னும் கொஞ்சம்.

ஆங்... நல்லாருக்கு. இது நல்லாருக்கு அக்கா. உங்க மூஞ்சியே மாறிடுச்சு. அந்த முடிஞ்சாங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க. முடிஞ்சா கொடுங்க இல்ல, கொடுங்க. இப்ப நான் பதில் சொல்ல மாட்டேன், நீங்களும் பேசாதீங்க. பார்ப்போம்.

...

அடேங்கப்பா. எனக்கு வேர்த்துடுச்சு. என்னால வகுப்புல பத்து நொடி தாங்க முடியல, நீங்க என்னையே முதல்ல பேச வெச்சுட்டீங்களே. கண்ணக்கூட சிமிட்டல. வீட்டுல அவருக்கு ராத்திரி பகலாக் கால் பிடிச்சு விட்டவங்கல்ல, பொறுமை இருக்கும்.

நானா? நானும் வியாழக்கிழமை வரணும், என்னையும் கூப்பிட்டிருக்காங்க. ஒரு பேப்பர் டைப் பண்ணி வெச்சிருக்காங்க, கையெழுத்துப் போட்டா வேலை தப்பிக்கும், வேற பிரிவுக்கு மாத்திடுவாங்களாம். சூப்பர்வைசர் வந்து நயமா சொல்லிட்டுப் போனார். அதுல என்ன எழுதியிருக்குன்னா, மெஷின்ல இருந்த கோளாறு ஆபரேஷன் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியாது, கட்டப் பிரிச்சுப் பட்டையப் பார்த்தது மறுநாள். எங்க வீட்டுக்காரர் போட்டுடுங்கறார். ரெண்டு நாளா அந்த மனுஷன் சோறு இறங்காம உட்கார்ந்திருக்கார். பொண்ணு படிப்பு இருக்கு, வாடகை இருக்கு, எனக்கு இந்த வயசுல வேற எவன் வேலை கொடுப்பான்? எல்லாம் நியாயம்தான். அவர் மேல தப்பே இல்ல.

எங்க விட்டோம்? மூணு கேட்டாச்சு. நாலாவதா ஒண்ணு இருக்கு, எழுதிக்கங்க. ஆபரேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இந்த ஆஸ்பத்திரியில யாருக்காவது தெரியுமான்னு கேளுங்க. யாருக்கும் தெரியாதும்மா, தெரிஞ்சிருந்தா விடுவோமான்னு சொல்லுவாங்க. எல்லாரும் தலைய ஆட்டுவாங்க. அப்ப நீங்க, ஒருத்தருக்குத் தெரியும்னு சொல்லுங்க. யாரும்மான்னு கேப்பாங்க.

ஒரு விஷயம், உங்க வீட்டுக்காரருக்கு முதுகுலதானே ஊசி போட்டாங்க? இடுப்புக்குக் கீழதான் மரத்துப் போகும், ஆள் முழிச்சுத்தான் இருப்பாங்க. அன்னிக்கு தியேட்டர் கதவுல ஒரு பொம்பளை நின்னு பார்த்துச்சுன்னு உங்ககிட்ட எப்பவாவது சொன்னாரா? அந்தக் கதவுல வட்டமா ஒரு கண்ணாடி இருக்கும்.

சொல்லலையா. மறந்திருப்பார். அது நான்தான் அக்கா.

சாமான் மேல போய் கால் மணி நேரம்கூட ஆகல, கட்டப் பிரிச்சேன். வெளுத்திருந்துச்சு. சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருந்தார். இன்டர்காம எடுத்தேன், என்னன்னு சொல்லி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம வெச்சுட்டேன். பட்டையக் கையில பிடிச்சுக்கிட்டு ரெண்டு மாடி ஏறினேன். வெளிய சிவப்பு விளக்கு எரிஞ்சுது. டாக்டர் முதுகக் காட்டிக்கிட்டு கிளவுஸ் மாட்டிக்கிட்டு இருந்தார், இன்னும் கைவெக்கல. நான் ரெண்டு தடவை தட்டினேன். விரல் நுனியால. உள்ள யாரும் திரும்பல. உங்க வீட்டுக்காரர் மட்டும் தலையச் சாய்ச்சு என்னைப் பார்த்தார். அங்க வேலை பார்க்கறவங்க போலன்னு நினைச்சிருப்பார், லேசா சிரிச்சு, தலைய ஆட்டினார். நானும் தலைய ஆட்டிட்டு இறங்கி வந்துட்டேன்.

பேனாவ ஏன் வெச்சுட்டீங்க? எடுங்க அக்கா. என் பேர முழுசா சொல்றேன், இனிஷியலோட எழுதிக்கங்க. யாரும்மான்னு அவங்க கேட்ட உடனே என்னைக் கை காட்டுங்க. நான் அந்த ரூம்லதான் உட்கார்ந்திருப்பேன்.